ஊசி குத்தினால் யார் செலவு?

நர்ஸிங் படிக்கும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு எரிச்சல் உண்டாக்கக்கூடிய விஷயங்கள் பல உண்டு. விடியற்காலை நாலரை மணிக்கு அலாரத்தை அலறவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் எழுப்பிவிட்டு, தான் மட்டும் அதை அணைத்துவிட்டு மறுபடியும் போர்த்திக்கொண்டு தூங்குவது அவற்றில் ஒன்று. ஆனால் இன்று நான் பிரஸ்தாபிக்க வந்தது அதைப் பற்றியல்ல. ஒவ்வொரு பருவத்தின் ஆரம்பத்திலும் கல்லூரியிலிருந்து வருகிற கட்டண விவரத்தில், படிப்புக் கட்டணத்துக்கும் ஆய்வுக்கூடக் கட்டணத்துக்கும் நடுவில், யாரும் தன்னைக் கவனித்துவிடக் கூடாதே என்ற பாவனையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறதே ஒரு வரி, ‘மாணவர் மருத்துவ இன்ஷூரன்ஸ், கட்டாயம்’ என்று, அதைப் பற்றித்தான்.

தொகை? பல ஆயிரம் டாலர்.

இருக்கும் இடம் நியூ ஜெர்ஸி. என் பெண் முதலில் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு பரிசோதனைக்கூடத்தில் சில காலம் உத்தியோகம் பார்த்து, சோதனைக் குழாய்களோடு பேசிப் பேசி அலுத்துப்போய், மனுஷர்களோடு பேசுகிற தொழிலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நர்ஸிங்கில் சேர்ந்தாள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்று இந்த ஊரில் துரிதப் படிப்பு ஒன்று உண்டு. நாலு வருஷத்துச் சரக்கை ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்குள் மூளையில் திணிக்கிற ஏற்பாடு. சேருகிற அன்றைக்கே, ‘இந்தப் படிப்பு முடிகிற வரையில் வேறு வேலைக்குப் போக வேண்டாம்’ என்று புத்திமதி சொல்லிவிடுகிறார்கள். நியாயமான புத்திமதிதான். ஆனால் ஐயா, இந்தத் தேசத்தில் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்பது பெரும்பாலும் உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற சமாசாரமல்லவா? உத்தியோகம் கூடாது, இன்ஷூரன்ஸ் மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்று ஒரே கடிதத்தில், அதுவும் அடுத்தடுத்த பாராக்களில் எழுதுகிறவர்களுடைய மனத் திண்மையை நான் வியக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, எதற்காக இவ்வளவு கண்டிப்பு? சரித்திரமோ சங்கீதமோ படிக்கிற பிள்ளையிடம்கூடச் சில கல்லூரிகள் இன்ஷூரன்ஸ் கேட்கின்றன. ஆனால் நர்ஸிங் மாணவியிடம் கேட்கிற கேள்வியில் ஒரு தனிக் காரம் இருக்கிறது. அட்டை இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குள்ளே கால் வைக்க முடியாது. கிளினிக்கல் என்று சொல்லுகிற வார்டுப் பயிற்சி நின்றுவிடும். பயிற்சி நின்றால் பாடத்தில் தேர்ச்சி கிடையாது. இதன் தாத்பரியம் எனக்கு விளங்கியது ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

“அப்பா, எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்திக்கு இன்னிக்கு ஊசி குத்திடுச்சு” என்றாள்.

பேஷண்டுக்கு இன்சுலின் போட்டுவிட்டு, ஊசி நுனியை மூடுகிற பாதுகாப்பு உறையைத் தள்ளும்போது கை நழுவி, கையுறையையும் மீறி ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டதாம். சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவச் சொல்லிவிட்டு, பயிற்சி ஆசிரியை அந்தப் பெண்ணைக் கீழே எமர்ஜென்ஸிக்கு அழைத்துப் போனார்.

“அங்க அவ கையில பேஷண்ட் பட்டையைக் கட்டறாங்கப்பா. கழுத்துல ‘ஸ்டூடண்ட் நர்ஸ்’னு அட்டை தொங்குது, கையில பேஷண்ட் பட்டை. கட்டிட்டு முதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? ‘இன்ஷூரன்ஸ் கார்டு கொண்டு வந்திருக்கியா?’ன்னு.”

“அதே வார்டுல வேலை பார்க்கிற நர்ஸுக்குக் குத்தியிருந்தா?”

“அவங்களுக்கென்ன, எம்ப்ளாயீ ஹெல்த் ஆபீஸுக்குப் போவாங்க. எல்லாம் ஆஸ்பத்திரி செலவு. காசே கிடையாது.”

எச்.ஐ.வி. தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்பது விதி. நல்ல வேளை, அந்த நோயாளியின் ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்து அந்தப் பெண்ணுக்கு மருந்து அவசியப்படவில்லை. ரத்தப் பரிசோதனைக்கும் எமர்ஜென்ஸி அறைக்குமான பில் மட்டும் சில வாரம் கழித்து, தவறாமல், வீடு தேடி வந்து சேர்ந்தது. (கைக்காசிலிருந்து முதலில் இவ்வளவு கட்டினால்தான் இன்ஷூரன்ஸ் வாய் திறக்கும் என்று ஒரு வரம்பு இருக்கிறதே, அந்தத் தொகை முழுவதையும் அவள் தகப்பனார்தான் கட்டினாராம்.)

இந்தச் சம்பவத்தைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரித் தொழிலாளர்களை ரத்தத்தின் வழியாகப் பரவும் வியாதிகளிலிருந்து காப்பதற்காக 1991-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு இலாகா ஒரு விதி செய்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதலாளி தன் செலவில் போட வேண்டும், ஊசி குத்தினால் பரிசோதனையும் சிகிச்சையும் முதலாளியின் செலவு என்றெல்லாம் அதில் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறது. ஊசிகளுக்கே பாதுகாப்பு உறை வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் காங்கிரஸ் வேறொரு சட்டமும் இயற்றியது. பிரமாதமான சட்டங்கள். ஒரே ஒரு குறை: இவை எல்லாம் ‘ஊழியர்’களுக்கு. சம்பளம் வாங்காத மாணவி ஊழியர் அல்ல. பெரும்பாலான இடங்களில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அவளை எட்டிப் பார்ப்பதில்லை. காலை ஏழு மணியிலிருந்து நோயாளியைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, நாடி பார்த்து, ஊசி போட்டு, மலஜலம் அள்ளுகிற ஒருத்தி, சட்டத்தின் பார்வையில் ஊழியரும் அல்ல, நோயாளியும் அல்ல, பார்வையாளரும் அல்ல. ஊசி குத்துகிற வரையில் யாருமல்ல, குத்தினவுடனே வாடிக்கையாளர்.

கல்யாண வீட்டில் சமையல்காரருக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கட்டம் வரும்போது சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி ஆஸ்பத்திரி கல்லூரியைப் பார்க்கிறது, கல்லூரி ஆஸ்பத்திரியைப் பார்க்கிறது. ‘உங்கள் மாணவிகளுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் உண்டு என்று நீங்கள் உத்தரவாதம் கொடுத்தால்தான் வார்டைத் திறப்போம்’ என்று ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் எழுதுகிறது. கல்லூரி அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து மாணவியின் தலையில் வைத்துவிடுகிறது. மூன்று பேரில் கையில் காசில்லாதவள் யாரோ அவளிடம் போய் அந்தப் பாரம் இறங்குகிறது. இதில் யாரையும் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நியாயம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

எப்பொழுதுமே இப்படி இருந்ததா என்றால், இல்லை.

இதே அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆஸ்பத்திரிகளே நர்ஸிங் பள்ளிக்கூடம் நடத்தின. பெண்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, வார்டு வேலையில் பெரும்பகுதியைச் செய்துகொண்டே படித்தார்கள். அது ஒருவிதமான கொத்தடிமை என்று சொல்லுகிறவர்களும் உண்டு. முழுப் பொய்யென்று அதைத் தள்ளிவிட முடியாது. பிறகு யுத்த காலத்தில் நர்ஸுகளுக்குப் பஞ்சம் வந்தபோது, ஒஹாயோ மாகாணத்துப் பிரதிநிதியான பிரான்ஸெஸ் போல்ட்டன் அம்மையார் கொண்டுவந்த மசோதா 1943-இல் சட்டமாகி, சர்க்காரே படிப்புச் செலவை ஏற்று, சீருடையும் கொடுத்து, ஆரம்பத்தில் மாதம் 15 டாலர் கைச்செலவுக்கும் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் படித்துத் தேறியவர்கள் 1,20,000-க்கும் மேல். யுத்தம் நடக்கும்போது மாணவியின் அருமை சர்க்காருக்குத் தெரிந்திருந்தது!

என் பெரியம்மா பேரன் ஒருவன் திருநெல்வேலியிலிருந்து ஜெர்மனிக்கு நர்ஸிங் பயிலப் போயிருக்கிறான். மூன்று வருஷப் பயிற்சி. அங்கே அவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. மருத்துவ இன்ஷூரன்ஸில் ஏறக்குறைய பாதி அவன் சம்பளத்தில் பிடிப்பு, மீதி முதலாளி கட்டுவது. வேலையில் நேருகிற விபத்துக்கான இன்ஷூரன்ஸ் முழுக்க முழுக்க முதலாளியின் பொறுப்பு. ஊசி குத்தினால் யார் செலவு என்று போனில் அவனைக் கேட்டேன். “மாமா, இதென்ன கேள்வி?” என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் அக்காவும் நர்ஸ்தான். எழுபதுகளில் ஊரிலே சர்க்கார் ஆஸ்பத்திரியில் பயின்றவள். அவளிடமும் கேட்டேன். “தம்பி, எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப மேட்ரன் அம்மாவே ஸ்டாப் வார்டுல படுக்க வச்சு, கஞ்சி முதக்கொண்டு ஆஸ்பத்திரிச் செலவுல குடுத்தாங்க. ஒரு பைசா கேக்கல. என்ன, படுத்துக் கிடந்த நாளுக்கெல்லாம் கடைசியில டூட்டி வாங்கிட்டுத்தான் விட்டாங்க” என்றாள்.

நிற்க. புராணம் படித்தால் பில் குறையாது. என் கதைக்கு வருகிறேன்.

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாய் தகப்பனாரின் இன்ஷூரன்ஸில் பிள்ளைகள் 26 வயது வரையில் இருக்கலாம். படிக்கிறார்களா, வேறு ஊரில் இருக்கிறார்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணை எதுவும் கிடையாது. இந்த ஒரு சரத்துக்காக அந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்கு நான் மானசீகமாக நமஸ்காரம் செய்வதுண்டு. ஆனால் என் பெண்ணுக்குப் படிப்பு பாதியில் இருக்கும்போதே, ஐப்பசி மாதத்தில், 26 பூர்த்தியாகிறது. என் கம்பெனித் திட்டத்தில் பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு பெயரை எடுத்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் பிறந்தநாளுக்குக் கேக்கு வாங்குவார்கள். நாங்கள் கணக்குப் புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு சந்தோஷச் செய்தி கிடைத்தது. நியூ ஜெர்ஸியில் 31 வயது வரையில் பெற்றோர் திட்டத்தில் நீடிக்க ஒரு மாகாணச் சட்டம் இருக்கிறது! கல்யாணமாகாமல், பிள்ளைகுட்டி இல்லாமல், இந்த மாகாணத்தில் குடியிருந்தால் போதும், அதற்குரிய பிரீமியத்தைத் தனியாகக் கட்டி இருந்துகொள்ளலாம். ஆகா என்று கம்பெனியின் ஆள்வள இலாகாவுக்கு எழுதினேன். ‘நம்முடையது சுயநிதித் திட்டம்; ஆகையால் அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது’ என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கும். ஆனால் பில்லைக் கட்டுகிற பணம் முதலாளியுடையது. அப்படிப்பட்ட திட்டங்கள் 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால், மாகாணத்தின் இன்ஷூரன்ஸ் சட்டங்கள் அவற்றைத் தொட முடியாது. பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. உங்கள் அட்டையைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேளுங்கள்.

அடுத்தது கோப்ரா. வயது கடந்து வெளியேறுகிற பிள்ளை அதே திட்டத்தில் 36 மாதம் வரை தொடரலாம். ஆனால் முதலாளி போட்டுக்கொண்டிருந்த பங்கையும் நாமே போட்டு, நிர்வாகச் செலவென்று நூற்றுக்கு இரண்டும் சேர்த்து, ஆக 102 சதவிகிதம் கட்ட வேண்டும். 60 நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். இத்தனை காலம் முதலாளி நமக்காக எவ்வளவு கட்டிக்கொண்டிருந்தார் என்ற உண்மை அந்தக் காகிதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கல்லூரித் திட்டமோ, அதைவிடக் குறைவுதான் என்றாலும், மொத்தமாகக் கட்ட வேண்டும். (கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் கவனிக்க: உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டால், இந்த இன்ஷூரன்ஸைப் படிப்புச் செலவுக் கணக்கில் சேர்த்து, அதற்கும் கடன் எடுக்க இடம் கொடுப்பார்கள். பின்னால் வட்டியோடு கட்டுவது உங்கள் சாமர்த்தியம்.) வேறு இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறேன் என்று குறிப்பிட்ட தேதிக்குள் வெய்வர் படிவம் அனுப்பினால் அந்தக் கட்டணத்தை ரத்து செய்வார்கள். தேதி தவறினால் பிரம்மா வந்தாலும் ரத்தாகாது.

கடைசியில் வழி காட்டியது என் பெண்தான். “எனக்கு இப்ப சம்பளமே இல்லையேப்பா. நான் மெடிக்கெய்டுக்கு மனு போடக் கூடாதா?”

நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. ஏழைகளுக்கான சர்க்கார் திட்டத்தில் என் பெண்ணா? முப்பது வருஷமாக இந்தத் தேசத்தில் உழைத்து, சொந்த வீடு வாங்கி, ‘யாரிடமும் கை நீட்டவில்லை’ என்று சமயம் வாய்த்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் நான். என் மனைவிக்கு இந்த மாதிரி சங்கோசங்கள் கிடையாது. “முப்பது வருஷமா வரி கட்டினீங்களே, அது யார் கையில போச்சு? அதுல கொஞ்சம் திரும்பி வருது. கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

விஷயம் இதுதான். நியூ ஜெர்ஸி இந்தத் திட்டத்தை 2014-ஆம் ஆண்டில் விஸ்தரித்தது. ஆகவே தனி ஆளின் வருமானம் வறுமைக்கோட்டில் 138 சதவிகிதத்துக்குள், 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 21,600 டாலருக்குள், இருந்தால் பிரீமியமின்றி இன்ஷூரன்ஸ் கிடைக்கும். இங்கே அதற்கு பேமிலிகேர் என்று பெயர். தகப்பன் கொடுக்கிற சாப்பாடும் அரிசிப் பருப்பும் வருமானக் கணக்கில் சேராது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: வரி மனுவில் நான் அவளை என்னைச் சார்ந்தவள் என்று காட்டினால், என் சம்பளமும் அவள் கணக்கில் ஏறிவிடும். காட்டாமல் விட்டால் எனக்கு 500 டாலர் வரிச் சலுகை போகும். பல ஆயிரத்துக்கு 500-ஐ விடுவதில் என்ன யோசனை? விட்டேன். (உங்கள் பிள்ளை ஆற்றைக் கடந்து நியூ யார்க்கிலோ பென்ஸில்வேனியாவிலோ படித்தால் ஜாக்கிரதை; ஒரு மாகாணத்து மெடிக்கெய்டு அடுத்த மாகாணத்தில் அவசரத்துக்குத் தவிர அநேகமாக உதவாது, அதனால் அங்குள்ள கல்லூரிகள் அதை வெய்வருக்கு ஏற்பதும் அபூர்வம்.)

டாலஸில் இருக்கிற என் சிநேகிதருக்கு இதை உற்சாகத்தோடு சொன்னேன். அவர் பெண்ணும் நர்ஸிங்தான். அவளுக்கும் 26 நெருங்குகிறது. அவர் சிரித்தார், சந்தோஷச் சிரிப்பல்ல. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு, மெடிக்கெய்டை விஸ்தரிப்பதும் விடுவதும் அந்தந்த மாகாணத்தின் இஷ்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. டெக்ஸஸ் விஸ்தரிக்கவில்லை, புளோரிடாவும் இல்லை. சரி, அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ் சந்தையில் மானியத்தோடு வாங்கலாமே என்றால், மானியம் கிடைக்க வறுமைக்கோட்டு அளவுக்காவது சம்பாதித்திருக்க வேண்டும். வேலைக்குப் போகாதே என்று கல்லூரி சொல்லுகிறது. வேலைக்குப் போகாதவளுக்கு மானியம் இல்லை என்று சட்டம் சொல்லுகிறது. கொஞ்சம் சம்பாதிப்பவளுக்கு உதவி உண்டு, ஒன்றுமே சம்பாதிக்காதவளுக்கு உதவி இல்லை என்ற இந்த விசித்திரத்தை எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்ப்பது? வாரக் கடைசியில் ஏதாவது ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு அவளை அனுப்பலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு இன்ஷூரன்ஸையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் கட்டாயம்தான். நோயாளிக்குத் தன் கையால் ஏதாவது தவறு நேர்ந்து வழக்கு வந்தால் காப்பதற்கான தொழில் பொறுப்பு இன்ஷூரன்ஸ். பல கல்லூரிகள் மொத்தமாக வாங்கிக் கட்டணத்தில் சேர்த்துவிடுகின்றன. தனியாக வாங்கினாலும் மாணவர்களுக்கு வருஷத்துக்குச் சில பத்து டாலர்தான். அதற்கு ஒரு வழக்குக்குப் பத்து லட்சம் டாலர் வரையில் பாதுகாப்பு! மாணவியால் மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்துக்கு விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. மற்றவர்களால் மாணவிக்கு வரக்கூடிய ஆபத்துக்கு விலை பல ஆயிரம். இந்த வித்தியாசத்துக்கு ஆக்சுவரி சாஸ்திரத்தில் சரியான காரணம் இருக்கும். இருக்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

பேமிலிகேர் அட்டை வந்துவிட்டது. வெய்வரும் அங்கீகாரமாகிவிட்டது. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் அனுப்ப வேண்டுமாம். நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. சேருவதற்கு முன்னால் தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் ஹெபடைட்டிஸுக்கும் உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார்களே, அப்போது அவள் என் திட்டத்தில்தான் இருந்தாள். இருந்தும், ‘இது சிகிச்சைக்கான பரிசோதனை அல்ல, பள்ளிக்கூடத்துக்கான பரிசோதனை’ என்று சொல்லி அந்தப் பில்லை நிராகரித்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற படிப்பு, அந்தப் படிப்புக்கு வேண்டியது என்பதாலேயே பணம் தர மறுக்கிற இன்ஷூரன்ஸ்! மேல்முறையீடு எழுதியிருக்கிறேன், டாக்டரிடம் ஒரு கடிதமும் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். இதே மாதிரிப் பில்லை யாராவது போராடி வென்றிருந்தால், எந்தக் காரணத்தைக் காட்டி வென்றீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.